அனுபவப் பகிர்வு: லியோபோல்டைப் பற்றி பெல்ஜியத்துக்காரர்கள் பேசக் கேட்டவை

தெற்குவாசல்:
பிரஸ்ஸல்ஸ் த்ரோன் சதுக்கத்துக் குதிரைச் சிலையைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்த உடைமையாக வைத்திருந்த பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் சிலை, அவர் இறந்த பிறகு 1926-இல் வைத்தது. பீடத்தின் பக்கவாட்டில் ஒரு வாசகம் உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை: இந்தச் சிலையின் செம்பும் வெள்ளீயமும் பெல்ஜியக் காங்கோவிலிருந்து வந்தவை, கட்டாங்கா சுரங்கக் கம்பெனியான உனியோன் மினியேர் விலை வாங்காமல் கொடுத்தது என்று. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கூட வந்த இரண்டு பேருக்கு அதை விரல் வைத்து வாசித்துக் காட்டினார். விலையில்லாமல் என்ற பொருள் வரும் அந்தச் சொல்லில் விரல் நின்றது. "பார்த்தீர்களா, காங்கோ மக்களே மனமுவந்து கொடுத்தது. இப்போது வந்து சிவப்புச் சாயம் ஊற்றுகிறார்கள்" என்றார். கோபமில்லை, வேதனையோடுதான் சொன்னார். கொடுத்தது கம்பெனி என்று அதே வரியில் இருக்கிறது. மண்ணுக்குள் இறங்கி வெட்டியெடுத்தவன் அந்த வரியில் எங்குமே இல்லை. இல்லாத இடத்தில் அவர் மனசு நன்றியுள்ள ஒரு ஜனத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அந்த விரல் நின்ற இடம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கடற்கரைத்தம்பி:
ஒஸ்டெண்ட் கடற்கரைச் சிலையடியிலயும் இதே மாதிரித்தான் அண்ணை. மேல லியோபோல்ட் குதிரையில, கீழ ஒரு பக்கம் நன்றி சொல்லுற காங்கோச் சனம், மற்றப் பக்கம் ஒஸ்டெண்ட் மீனவர். காங்கோ உருவம் ஒண்டுக்குக் கை இல்லை. ஒரு தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு நிண்டா: "கடல் காத்தில உடைஞ்சு போச்சு." வெண்கலம் காத்தில உடையாது. 2004இல ஆக்கள் வந்து இரும்பறுக்கிற வாளால அரிஞ்சு கொண்டுபோனவை. நகரசபை திருப்பிப் பொருத்தாமல் அப்பிடியே விட்டிட்டுது, விளக்கப் பலகையும் வச்சிருக்கு. ரப்பர் கொண்டுவராதவனுக்குக் கை வெட்டின நாட்டுக்குத்தான் அந்தச் சிலை நன்றி சொல்லுது எண்டு பிள்ளைக்குச் சொல்ல அவவுக்கு மனம் வரேல்லையோ, உண்மையாவே தெரியாதோ, இண்டைக்கும் விளங்கேல்லை.

கணக்கர்:
தம்பி, "ரப்பர் கொண்டுவராதவனுக்குக் கை வெட்டினார்கள்" என்று சொன்னால் பாதிதான் வருகிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு பெல்ஜியத்துக்காரரிடம் பேசப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். லீஜில் ஒரு விருந்து மேசையில் நடந்தது அதுதான். ஒரு மாணவி "பத்து மில்லியன் பேரைக் கொன்றான்" என்று ஆரம்பித்தாள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு, "எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி?" என்று மட்டும் கேட்டார். அவளுக்குப் பதில் வரவில்லை. பேச்சு அங்கேயே செத்தது, அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிட்டது.

ஆகவே பேசப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். 1885-க்கு முன்னால் அங்கே கணக்கெடுப்பே நடந்ததில்லை, எந்த மொத்த எண்ணும் மதிப்பீடுதான், வரலாற்றாசிரியர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. வேலை எப்படி நடந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். அதை எவரும் மறுக்க முடியாது.

ரப்பர் அங்கே தோட்டத்து மரமல்ல, காட்டுக் கொடி. காங்கோவில் ரப்பர் எடுக்கும் உரிமை பெற்றிருந்த அபீர் கம்பெனியின் எல்லைக்குள் ஆண் ஒருவனுக்கு இரண்டு வாரத்துக்கு உலர்ந்த ரப்பர் 3 முதல் 4 கிலோ என்று கெடு. கொடியில் கீறல் போட்டுப் பால் வடிக்க வேண்டும். அந்தப் பாலை உடம்பிலேயே பூசிக் காயவிட்டு உரிப்பார்கள், மயிரோடு பிய்ந்து வரும். கெடுவுக்குள் எடை தேறாது என்ற பயத்தில் கொடியையே வெட்டிப் பிழிந்தால் பால் அதிகம் வரும், ஆனால் கொடி செத்துப்போகும். அடுத்த முறை இன்னும் தள்ளிப் போக வேண்டும். காடு தூரமாகிக்கொண்டே போக, கெடு மட்டும் அப்படியே நிற்கும். வயலைப் பார்க்க நாள் கிடைக்காது, பஞ்சம் வரும், பஞ்சத்தின் பின்னால் நோய் வரும். ஆண்கள் வேலையை விட்டு ஓடிவிடாமல் இருக்க மனைவிமாரைப் பிடித்துப் பிணை வைத்தார்கள். குறைந்தால் நீர்யானைத் தோல் சவுக்கு.

கை வெட்டியது இந்த எந்திரத்தின் இன்னொரு பல். சிப்பாய்கள் தோட்டாவை வேட்டைக்குச் செலவழிக்கிறார்கள் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்காக ஒரு வலது கையைக் கொண்டுவரச் சொன்னார்கள். குறி தப்பியவனும், மான் சுட்டவனும் உயிரோடிருப்பவர்களின் கையை வெட்டிக் கணக்கை நேர்செய்தார்கள். இது ஒருவனின் வெறி மட்டுமல்ல, இருப்புப் பதிவேடு கேட்ட கேள்விக்குப் பதில். இதைச் சொல்லிவிட்டு, 1904-இல் வெளிவந்த பிரிட்டிஷ் கான்சல் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கையைச் சொல்லுங்கள். "அது பிரிட்டிஷ்காரன் பொறாமை" என்பார்கள், நிச்சயம் சொல்வார்கள். அப்போது லியோபோல்ட் தானே அமைத்த விசாரணைக் குழுவின் 1905 அறிக்கையை எடுத்து வையுங்கள். அதுவும் கொடுமைகளை உறுதி செய்தது. அரசனே நியமித்த ஆட்கள் அவர்கள்.

வாழையிலை:
கைகள் என்றதும் ஆன்ட்வெர்ப் ஞாபகம் வருகிறது. அங்கே கடைக்குக் கடை கை வடிவத்தில் பிஸ்கட், சாக்லேட். ஒரு சுற்றுலா வழிகாட்டி நம்மூர்க் குழு ஒன்றிடம், காங்கோவில் வெட்டிய கைகளின் நினைவாகச் செய்வது என்றார். வாயில் வைத்திருந்ததை ஒரு அம்மா கைக்குட்டையில் துப்பினார். அடுத்த கடையில் யாரும் எதையும் வாங்கவில்லை.

நிழற்கல்:
அந்த வழிகாட்டி சொன்னது தவறு, இங்கே அப்படியே நிற்க விடக்கூடாது. ஆன்ட்வெர்ப் கை என்பது ஆன்டிகோன் என்ற அரக்கனின் கை. ஆற்றில் சுங்கம் கட்டாத படகோட்டிகளின் கையை அவன் வெட்டினான், பிராபோ என்ற வீரன் அவன் கையை வெட்டி ஆற்றில் எறிந்தான் என்று கதை. லியோபோல்டுக்குப் பல நூற்றாண்டு மூத்த கதை. பிஸ்கட் 1934-இல் யோஸ் ஹாக்கர் என்ற யூத பேக்கரிக்காரர் உருவாக்கியது.

ஆன்ட்வெர்ப்பில் காங்கோவின் தடம் வேண்டுமென்றால் துறைமுகத்தில் தேடுங்கள். கப்பல் கம்பெனி எழுத்தராக அங்கே வந்துபோன எட்மண்ட் மோரல் கவனித்தது என்ன? வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருக்கிறது, திரும்பும் கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். விற்கும் சரக்கு எதுவும் போகவில்லை என்றால் அங்கே வியாபாரம் நடக்கவில்லை, கூலியில்லா வேலை நடக்கிறது என்று சரக்குச் சீட்டை வைத்தே கண்டுபிடித்தார். பொய்யான பிஸ்கட் கதை ஒன்று போதும், எதிராளி இந்த உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவதற்கு.

மனதை விட்டுப் போகாதது பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் டெர்வூரன் ஆப்பிரிக்க அருங்காட்சியகத்தில் நடந்தது. நினைவுக் கூடத்துச் சுவரில் 1876-க்கும் 1908-க்கும் இடையே காங்கோவில் இறந்த பெல்ஜியர் 1508 பேரின் பெயர் பொறித்திருக்கிறது. எதிர்ப்பக்க ஜன்னல் கண்ணாடியில் ஃப்ரெடி ட்சிம்பா என்ற காங்கோக் கலைஞர், பெல்ஜியத்துக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே இறந்த காங்கோக்காரர்களின் பெயர்களை எழுதியிருக்கிறார். வெயில் அடித்தால் அந்தப் பெயர்களின் நிழல் சுவரிலிருக்கும் பெயர்கள் மேல் விழும். ஒரு மூதாட்டி தன் பாட்டனாரின் அண்ணன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, படமெடுக்க ஃபோனைத் தூக்கினார். சரியாக அப்போது வெயில் வந்தது. நிழலெழுத்து அந்தப் பெயரின் குறுக்கே விழுந்தது. அவர் ஃபோனைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். மேகம் வரும்வரை, ஐந்து நிமிடமாவது இருக்கும், நின்றார். நிழல் போனதும் படமெடுத்துக்கொண்டு போனார்.

வாழையிலை:
பிஸ்கட் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி. இரண்டு வருடமாக அதை உண்மை என்றே சொல்லிக்கொண்டிருந்தாயிற்று.

கணக்கர்:
நிழற்கல், அந்த அம்மாவைக் குற்றவாளியாக்க வேண்டாம். செத்த உறவினரின் பெயரைத் தெளிவாகப் படமெடுக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

நிழற்கல்:
குற்றம் சொல்லவில்லை. பக்கத்து நிழலின் பெயரை அவர் ஒருதரமாவது வாசித்திருக்கலாம் என்றுதான் இருக்கிறது. 1897 கண்காட்சிக்கு 267 காங்கோக்காரர்களைக் கூட்டிவந்து டெர்வூரன் பூங்காவில் குடிசை போட்டு உட்கார வைத்தார்கள். குளிரிலும் நோயிலும் ஏழு பேர் இறந்தார்கள். எக்கியா, கிட்டுக்வா, எம்பேயா, ஸாவோ... பெயர்கள் இருக்கின்றன. டெர்வூரன் தேவாலயச் சுவரை ஒட்டி ஏழு கல்லறைகளும் இருக்கின்றன.

வேர்முடிச்சு:
எல்லாரும் சிலையையும் சுவரையும் பேசுகிறீர்கள். இங்கே நிஜமான சண்டை ஒரு சொல்லுக்காக நடக்கிறது. கென்க் பக்கம் ஒரு ஊர்க்கூட்டம், காலனி காலத் தெருப்பெயர்களைப் பற்றி. அறுபது தாண்டிய ஒருவர் எழுந்தார். "என் அப்பா இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்தவர். காங்கோவிலிருந்து அவருக்கு ஒரு சல்லிக்காசு வந்ததில்லை. நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?" கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதிதான் உறுத்துகிறது, ஏனென்றால் பதில் இருக்கிறது: அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பது அரசிடம். 1908 நவம்பரிலிருந்து 1960 ஜூன் 30 வரை காங்கோவை வைத்திருந்தது பெல்ஜிய அரசு, அதே அரசு இன்றும் இருக்கிறது.

சொல்லின் கதை இது. 2020 ஜூன் 30 அன்று அரசர் ஃபிலிப், காங்கோ அதிபருக்கு எழுதிய கடிதத்தில் "ஆழ்ந்த வருத்தம்" தெரிவித்தார். 2022 ஜூனில் கின்ஷாசாவில் நேரில் நின்றும் அதையே சொன்னார். துக்க வீட்டில் போய் "வருந்துகிறேன்" என்றால் நாம் கொன்றோம் என்று ஆகாது. "மன்னித்துவிடுங்கள்" என்றால் நம் கை அதில் இருக்கிறது. நாடாளுமன்றக் குழு இரண்டரை வருடம் உட்கார்ந்து பரிந்துரைகளைத் தயார் செய்தது, 2022 டிசம்பரில் மன்னிப்பு என்ற அந்த ஒரு சொல்லில் முட்டி எல்லாமே விழுந்தது. மன்னிப்புக் கேட்டால் இழப்பீட்டு வழக்கு வரும் என்று ஆளுங்கூட்டணியிலேயே சில கட்சிகள் பயந்தன.

வழக்கு மன்னிப்புக்காகக் காத்திருக்கவில்லை. காங்கோவில் வெள்ளைக்காரத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிடுங்கி மிஷன் விடுதிகளில் அடைத்தது அரசு. அப்படிப் பிடுங்கப்பட்ட ஐந்து பெண்கள், மூதாட்டிகளான பிறகு, வழக்குப் போட்டார்கள். 2021-இல் கீழ்க்கோர்ட்டில் தோற்றார்கள். 2024 டிசம்பர் 2 அன்று பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றது, ஆளுக்கு 50,000 யூரோ கொடுக்கச் சொன்னது. சுரங்கத் தொழிலாளியின் மகனிடம் அந்தக் கூட்டத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால், அவர் சேர்ந்துகூட நின்றிருப்பார். அவர் அப்பாவுக்கும் கணக்குத் தீர்க்கப்படவில்லையே.

கடற்கரைத்தம்பி:
கணக்கர் அண்ணை சொன்ன தோட்டாக் கணக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சு. அடுத்த கிழமை டெர்வூரன் போற ஆக்கள் இருக்கினம், எப்பிடிப் போறது?

நிழற்கல்:
பிரஸ்ஸல்ஸ் மோன்ட்கொமெரி நிலையத்தில் 44-ஆம் எண் டிராம், கடைசி நிறுத்தம். டிராம் ஓடும் அந்த அகலமான சாலையே 1897 கண்காட்சிக்காக லியோபோல்ட் போடவைத்தது, ஜன்னல் பக்கம் உட்காருங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். நினைவுக் கூடத்துக்கு வெயில் இருக்கும் நாளாகப் பாருங்கள், மப்பாக இருந்தால் சுவரில் 1508 பெயர்கள் மட்டும்தான் தெரியும். தேவாலயக் கல்லறைகள் ஊருக்குள், அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே போகலாம்.