லாட்டரியில் 25 கோடி விழுந்தால் என்ன செய்வீர்கள்? இருப்பது போதும் என்று நிஜமாகவே நினைப்பவர்கள் உண்டா?

பனியன்காரன்:
வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். கேரள லாட்டரியின் 2023 ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி, எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து கேரள எல்லையில் இருக்கும் வாளையாரில் எடுத்த சீட்டுக்கு விழுந்தது ஞாபகம் இருக்கும். அதிலிருந்து எங்கள் லைனிலும் ஐந்து பேர் ஆளுக்கு நூறு போட்டு ஒரு 500 ரூபாய் சீட்டு எடுப்பது வழக்கமாகிவிட்டது. குலுக்கல் வரைக்கும் டீ டைமில் வேறு பேச்சே கிடையாது, ஒருத்தர் தென்னந்தோப்பு என்கிறார், ஒருத்தர் நாற்பது மிஷின் போட்டு சொந்தமாக ஜாப் ஒர்க் எடுப்பேன் என்கிறார், நான் மட்டும் ராத்திரி படுத்த பிறகும் அதையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அவளுக்கு இந்தப் பேச்சே பிடிப்பதில்லை. சனிக்கிழமை சம்பளம் வருது, பிள்ளைகள் படிக்குது, யாரிடமும் போய் நிற்கவில்லை, இதற்கு மேல் என்ன வேணும் என்கிறாள். சும்மா சொல்வதாகவும் தெரியவில்லை. இருப்பது போதும் என்பது உண்மையான நிறைவா, இல்லை கிடைக்காது என்று தெரிந்து மனதுக்குச் சொல்லும் சமாதானமா? அவ்வளவு பணம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

வரவுசெலவு:
முதலில் பணத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம், ஏனென்றால் 25 கோடி என்பது யார் கைக்கும் வராத தொகை. 2022 பம்பரில் முகவர் கமிஷன் 10 சதவீதம் போக 22.5 கோடி, அதில் 30 சதவீத வரி பிடித்து 15.75 கோடி, அப்புறம் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும் கட்டினால் கடைசியில் நிற்பது 12.88 கோடி. உங்களைப் போல ஐந்து பேர் என்றால் ஆளுக்கு இரண்டரைக் கோடி சொச்சம். அதை 7 சதவீதத்தில் டெபாசிட் போட்டால் வருடம் 17.5 லட்சம், வரி போக மாதம் 1.30 லட்சம் அளவுக்கு வரும். நல்ல தொகைதான், ஆனால் சீனியர் அரசு அதிகாரி ஒருவர் வாழும் வாழ்க்கை அது. நீங்கள் படுத்துக்கொண்டு ஓட்டும் படத்தில் இருப்பது அந்த வாழ்க்கையா என்று ஒருமுறை பாருங்கள். 2023இல் விற்றது 75 லட்சம் சீட்டுக்கு மேல், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2022இல் 25 கோடி வென்றவர் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர். ஒரு வாரம்கூட ஆகவில்லை, உதவி கேட்டு வாசலில் விடிய விடியக் கூட்டம், சொந்த வீட்டில் இருக்க முடியாமல் உறவினர் வீடுகளுக்கு மாறி மாறிப் போனார், இரண்டாம் பரிசோ மூன்றாம் பரிசோ விழுந்திருக்கலாம் என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு பம்பர் வென்றவர்களுக்குப் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேரள அரசே வகுப்பு நடத்தியது.

சாரதி_சென்னை:
தம்பி, நான் ஒரு பெரிய முதலாளி வீட்டில் பல வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். பணக்காரனுக்கு நிம்மதி இல்லை, தூக்கம் வராது என்று நம் ஆட்கள் சொல்வதை நம்பாதீங்க. எங்கள் முதலாளி வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தூங்கிவிடுவார். நல்ல மனுஷன், குடும்பத்தோடு சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறவர். நான் பார்த்த வித்தியாசம் ஒன்றுதான், அவர் எதற்கும் காத்திருப்பதில்லை. அவருடைய அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நான் போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்துகிறேன், சக்கர நாற்காலியோடு ஆள் நிற்கிறது, லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு டாக்டரே நிற்கிறார். எங்கப்பாவுக்கு அதே மாதிரி வந்தபோது விடிகாலை ஓபி சீட்டு வரிசை, அப்புறம் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்கத் தேதி, அந்தத் தேதி வரைக்கும் அவரும் நாங்களும் பயந்துகொண்டே இருந்தோம். வைத்தியம் நல்லாத்தான் பார்த்தார்கள், அதில் குறையே சொல்ல மாட்டேன், ஆனால் அந்த இடைப்பட்ட நாட்கள் எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது. எனக்குக் கோடி வந்தால் காரும் வேண்டாம் பங்களாவும் வேண்டாம், அந்தக் காத்திருப்பு இல்லாமல் இருந்தால் போதும்.

மல்லிகா_மதுரை:
தம்பி, உங்கள் மனைவி பக்கம் நின்று ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க. பெண்கள் போதும் என்று சொன்னால் ஆசை இல்லை என்று அர்த்தமில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம். எனக்கு அந்த நிறைவு வந்தது குழு லோன் முடிந்த பிறகு. வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு சென்டர் மீட்டிங், ஒருத்தி தவணை கொண்டுவரவில்லை என்றால் அவள் கொண்டுவரும்வரை யாரும் எழுந்து போக முடியாது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருப்போம், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கும், தவணை வசூலிக்க வந்த தம்பி நோட்டை மூடாமல் உட்கார்ந்தே இருப்பார். கடைசித் தவணை கட்டிய அடுத்த செவ்வாய்க்கிழமை நிதானமாகக் காபி குடித்தேன் பாருங்க, அப்போதுதான் தெரிந்தது. இத்தனைக்கும் வருமானம் ஒரு ரூபாய் கூடவில்லை.

அதனால் போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று கடனில் இருப்பவளிடம் போய்ச் சொல்வது எனக்குப் பிடிக்காது. கடன் இல்லாமல், வைத்தியத்துக்கு ஒரு வழி இருந்து, பிள்ளை படிப்பு நிற்காது என்று தெரிந்தால்தான் மனசு போதும் என்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் வருட வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கணும், நீங்கள் அதில் வர மாட்டீர்கள். கம்பெனியில் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 வரைதான் அது, அதைத் தாண்டிவிட்டால் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். உங்கள் மனைவியிடம் எவ்வளவு வந்தால் பயமில்லாமல் இருப்பாய் என்று கேட்டுப் பாருங்கள்.

புள்ளியியல்_மாணவன்:
இதைப் பற்றி ஆய்வே இருக்கிறது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவில் 1978இல் வந்தது, வென்றவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்று சொன்னது. ஆனால் அதில் பார்த்தது 22 பேரை மட்டும். சுவீடனில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், பெரிய பரிசு வென்றவர்களுக்கு வாழ்க்கை மீதான திருப்தி பத்து வருடம் கழித்தும் கூடுதலாகவே இருந்தது, அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும்தான் மாற்றம் சிறியது. சாரதி அண்ணன் சொல்வதை ஒட்டித்தான் வருகிறது.

பனியன்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, நேற்று ராத்திரி கேட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொன்னாள்: போக்கியத்துக்கு வாங்கின மூணு லட்சம், பெரியவள் காலேஜுக்கு மூணு, அவள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷனுக்கு ரெண்டு. எட்டு லட்சம். நான் கோடிக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவள் இதைத்தான் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள், கேட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று வாயைத் திறக்கவில்லை. இனி போக்கியக் கடனை முதலில் முடிப்பது என்று பேசிவைத்திருக்கிறோம். ஓணச் சீட்டை விட மாட்டேன், லைனில் அந்த அரை மணி நேரப் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து பேர் பேரிலும் எடுத்தால் பின்னால் தகராறு வராமல் இருக்க ஏதாவது செய்யணுமா?

வரவுசெலவு:
சீட்டின் பின்பக்கம் பெயர், முகவரி, கையெழுத்து போட வேண்டும். அதோடு ஐந்து பேர் பங்கையும் தனியே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், இதைக் குலுக்கலுக்கு முன்னாலேயே செய்யுங்கள். பரிசு விழுந்தால் 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைக்கணும். போக்கியக் கடன் எத்தனை பைசா வட்டி என்று சொல்லுங்கள், இரண்டு வட்டிக்கு மேல் என்றால் நகைக்கடனுக்கு மாற்றிக் கட்டுவது லாபம்.