வளர்ச்சி வந்தால் மாசு தானாகக் குறையுமா? திருப்பூர் சாயக்கழிவை வைத்து ஒரு சந்தேகம்

பின்னல்: வருமானம் ஏறும்போது மாசு முதலில் கூடி, பிறகு இறங்கும் என்பது சுற்றுச்சூழல் குஸ்நெட்ஸ் வளைகோடு. 1991இல் வட அமெரிக்க நாடுகளின் நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டிப் பொருளாதார அறிஞர்கள் கிராஸ்மனும் க்ரூகரும் செய்த ஆய்வில், கந்தக டை ஆக்சைடு இப்படித்தான் நடந்துகொண்டது. திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்கும் நொய்யல் ஆற்றுக்கும் இது பொருந்துமா?

நீலச்சாயம்: உப்புக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் வகைச் சாயம் நூலை நெருங்க உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம், கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயத்தண்ணீர் என்று வைத்தால், கிலோவுக்கு 480 கிராம். 500 கிலோ லாட்டுக்கு 240 கிலோ. உப்பு துணியில் தங்காது, முழுக்கக் கழிவுக்குத்தான் வரும். அலசல் தண்ணீரையும் சேர்த்துக் கிலோவுக்கு 60 லிட்டர் என்றாலும் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 8,000 மி.கி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு 2,100. நுண்ணுயிர்த் தொட்டி ஓரளவு நிறத்தையும் கரிமக் கழிவையும் எடுக்கும், உப்பை ஒன்றும் செய்யாது. ஆர்டர் இரண்டு மடங்கானால் உப்பும் இரண்டு மடங்கு.

ஆயக்கட்டு: புகைபோக்கியை அடைத்தால் கந்தக டை ஆக்சைடு சில நாளில் காற்றிலிருந்து போய்விடும். நிலத்தடி நீரில் இறங்கிய உப்பு அப்படிப் போகாது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது. தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கேட்கும் நிலைக்குக் கீழ்மடை விவசாயிகள் தள்ளப்பட்டார்கள். வருமானம் ஏறியதால் பட்டறைகள் திருந்தவில்லை. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. வளைகோடு இறங்கினால் அதை யாரோ இழுத்து இறக்கியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

பின்னல்: இப்போது ஒரு சொட்டும் வெளியே விடாத முறை இருக்கிறதே, பிரச்சினை தீர்ந்ததா?

நீலச்சாயம்: ஆற்றுக்குப் பெரிய நிம்மதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆர்.ஓ., அதாவது சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை, தள்ளும் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். ஒரு டன் தண்ணீருக்கு ஏறக்குறைய 630 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம். நான்கு அடுக்கு ஆவியாக்கியில் ஒரு டன் நீராவி மூன்று டன் தண்ணீர் வரை ஆவியாக்கும். அந்த நீராவிக்கு பாய்லரில் விறகோ நிலக்கரியோ எரிகிறது. தண்ணீர் மாசில் ஒரு பகுதி காற்றுக்கு இடம் மாறுகிறது.

பட்டறையில் தவறுவது இரண்டு இடத்தில். கடினத்தன்மையையும் சிலிக்காவையும் முன்னாலேயே எடுக்காவிட்டால் சவ்வு அடைபடும். சாதா உப்பையும் சோடியம் சல்பேட்டையும் மாற்றி மாற்றிப் போட்டால், கடைசியில் வருவது எந்தச் சாயத்துக்கும் உதவாத கலப்பு உப்பு. சல்பேட் மட்டும் போட்டு, சாயத்தொட்டி நீரையும் அலசல் நீரையும் தனித்தனிக் குழாயில் எடுத்தால் உப்புக்கரைசலை மறுபடி சாயத்துக்கே போடலாம். அதிலும் கால்சியம் தங்கினால் ஷேடு திட்டுத்திட்டாக வரும்.

ஆயக்கட்டு: இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இந்தச் செலவு கிலோவுக்கான சாயக் கூலியில் ஏறுகிறது. இதே கட்டாயம் இல்லாத ஊரிலோ நாட்டிலோ கூலி குறைவு, ஆர்டர் அங்கே நகரும். சட்டை வாங்கும் நாட்டின் கணக்கில் இந்த உப்பு எங்கேயும் வராது. அதனால் ஒரு நாட்டுக்குள் மட்டும் வளைகோடு வரைந்து பார்த்தால் ஏமாந்துபோவோம். அந்த நாடு இறக்குமதி செய்யும் துணியின் கழிவையும் சேர்த்து வரைந்து பாருங்கள்.

நீலச்சாயம்: கலப்பு உப்பு மூட்டைகளையும் அந்தக் கணக்கில் சேருங்கள். கொட்டகையில் கான்கிரீட் தளம், கூரை, சுற்றிலும் வடிகால் இல்லாவிட்டால் ஒரு மழையில் கரைந்து கிணற்றுக்குப் போய்விடும்.