சி.சி.ஆர்.என். தேர்வு: இப்போதே எழுதலாமா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஐ.சி.யூ. செவிலியராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்தபின், அமெரிக்காவில் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தேறி, கடந்த ஆண்டு முதல் டெக்சாஸில் அதே பிரிவில் முழுநேரமாக வேலை செய்கிறேன். மூத்தவர்கள் பலரின் அடையாள அட்டையில் பெயருக்குப் பின் சி.சி.ஆர்.என். என்ற தீவிர சிகிச்சைச் செவிலியர் சான்றிதழின் பெயர் இருக்கிறது. மேலாளர் என்னையும் எழுதச் சொல்கிறார், ஆனால் கட்டாயமில்லையாம். மாநில உரிமம் கையில் இருக்கும்போது இது எதற்கு? தேர்வுக்குக் கேட்கும் பணி அனுபவத்தில் மதுரையில் பார்த்த வேலையைக் கணக்கில் காட்ட முடியுமா?

இரவுப்பணி:
சகோதரி, உரிமம் மாநிலச் செவிலியர் வாரியம் தருவது. அது இல்லாமல் அங்கே செவிலியராகப் பணியாற்றவே முடியாது. சி.சி.ஆர்.என். என்பதோ, அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கத்தின் சான்றளிப்புப் பிரிவு 1976 முதல் நடத்திவரும் தேர்வு, விரும்பியவர் எழுதலாம். இதைப் பெற்றதனால் சட்டப்படி உங்கள் பணி வரம்பு சிறிதும் விரியாது.

தகுதி பெறும் வழிகளில் ஒன்றின்படி, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் தீவிர நிலை நோயாளிகளை நேரடியாகக் கவனித்த பணி 1,750 மணி நேரம் இருக்க வேண்டும். அதில் 875 மணி கடைசி ஓராண்டுக்குள் வர வேண்டும். வெளிநாட்டுப் பணியைச் சேர்க்க வேண்டுமானால், அந்த மருத்துவமனை அமெரிக்கத் தரத்துக்கு இணையானது என்று ஏற்கப்பட வேண்டும். அந்தச் சிரமமே உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்: வாரம் மூன்று பன்னிரண்டு மணி ஷிப்ட் பார்ப்பவருக்கு, விடுப்பைக் கழித்தாலும், ஓராண்டு கடந்து சில வாரங்களில் கணக்கு நிறைந்துவிடும்.

பழைய வார்டு:
இதை நான் அவ்வளவு உயர்த்திப் பேச மாட்டேன். 3 மணி நேரத்தில் 150 கேள்விகள், அனைத்தும் கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் வகை; மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுபவை 125 மட்டுமே. இரத்த அழுத்தம் சரியும்போது வென்டிலேட்டர் அருகே நிற்பவரின் நிதானத்தை இது அளப்பதில்லை. மேலாளரின் ஆர்வத்துக்கும் காரணம் இருக்கலாம்: சிறந்த செவிலியர் பணிக்காக மருத்துவமனைகளுக்குத் தரப்படும் மேக்னட் அங்கீகாரத்தை நாடும் மருத்துவமனைகள், சான்றிதழ் பெற்ற செவிலியரின் விகிதத்தை உயர்த்த இலக்கு வைத்துக்கொள்வது வழக்கம். ஆகவே கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா, சம்பளம் கூடுமா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் 3 ஆண்டுகளே செல்லும் என்பதால், புதுப்பிக்கும் செலவைப் பற்றியும் சேர்த்தே கேளுங்கள்.

இரவுப்பணி:
கைத்திறனை அளக்காது என்பது உண்மைதான். ஆயினும், ஒரே வகை நோயாளிகளையே பார்த்துப் பழகிய நமக்கு, இதயம், நுரையீரல், சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பிகள் என முழுப் பாடத்தையும் மறுபடி படிக்க வேறு எந்தக் கட்டாயமும் வாய்ப்பதில்லை. நான் எழுதியது அதற்காகத்தான். புதுப்பிப்பதற்கு அந்த 3 ஆண்டுகளில் 432 மணி நேரப் பணியும் 100 தொடர்கல்விப் புள்ளிகளும் வேண்டும். புள்ளிகளுக்குப் பதிலாகத் தேர்வை மீண்டும் எழுதலாம்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. மணிக் கணக்குக்கு ஆவணம் இணைக்க வேண்டுமா, அண்ணா?

இரவுப்பணி:
விண்ணப்பத்தில், உங்கள் பணியை உறுதிசெய்யக்கூடிய மேலாளர் அல்லது சக பணியாளர் ஒருவரைக் குறிப்பிட்டால் போதும். சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்வார்கள் என்பதால், ஷிப்ட் அட்டவணையின் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.