ஆண் தேனீ கையிலேயே 'டப்'புனு வெடிச்சுட்டு. வெளிய வந்தது என்ன?

அருமனைப்பெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். அருமனைப் பக்கம் ரப்பர் விளையில 14 தேனீப் பெட்டி வச்சிருக்கேன். எல்லாம் நம்ம அடுக்குத் தேனீதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான், ஆறாங்கிளாஸ். பெட்டியைத் திறந்ததும் பத்தடி தள்ளி நின்னுட்டான். "லேய், ஆண் ஈ கொட்டாது, இங்க பாரு"ன்னு, கறுகறுன்னு பெரிய கண்ணோட சட்டத்துல திரிஞ்ச ஒண்ணைப் பிடிச்சுக் காட்டினேன். நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் அழுத்திட்டேன் போல. 'டப்'புனு சத்தம். வயிற்று நுனியில இருந்து வெள்ளையா ஒரு பை பிதுங்கி வந்துது, ரெண்டு பக்கமும் மஞ்சளா கொம்பு மாதிரி. ஈ அந்த நிமிஷமே செத்துட்டு. பையன் கேட்டான்: "மாமா, கொட்டாதுன்னு சொன்னிய, கொடுக்கு வந்திட்டே?" எனக்குப் பதில் இல்ல.

இன்னொண்ணு. போன வாரம் ஒரு கூட்டத்தை ரெண்டாப் பிரிச்சு வச்ச பெட்டியில புது ராணி சாயங்காலம் திரும்பி வந்தப்ப வால் நுனியில வெள்ளையா ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துது. இது நோயா? ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா? நான் போன பயிற்சி வகுப்புல ஆண் ஈயைப் பற்றிச் சொன்னது ஒரே வரி: சோம்பேறி, தேனைத் தின்னும். அவ்வளவுதான்.

பழையகூடு:
தம்பி, பயப்படாண்டாம். நோய் ஒண்ணும் இல்ல. ராணி வெளிய போய் ஆண் ஈ கூடச் சேர்ந்துட்டு வந்திருக்கு. எனக்க அப்பா இதப் பாத்தா "மாலை சூடி வந்தாச்சு"ன்னு சிரிப்பார். ஒரு வாரம் அந்தப் பெட்டியத் திறக்காத. புது ராணிய அடிக்கடி தொந்தரவு செஞ்சா வேலைக்கார ஈயே சுத்தி வளைச்சுக் கொன்னுரும். ராணி பத்திரமா வந்ததே பெரிய காரியம். எனக்க விளையில பஞ்சுருட்டான் குருவி கம்பியில வரிசையா உக்காந்திருக்கும், ராணித் தேனீன்னு பாத்து விட்டுருமா?

விலங்கியல்_டீச்சர்:
ரெண்டும் ஒரே விஷயம்தான் தம்பி. உங்க கையில வெடிச்சது ஆண் ஈயோட புணர்ச்சி உறுப்பு. சும்மா இருக்கும்போது அது வயிற்றுக்குள்ளே உள்பக்கம் வெளிப்பக்கமாத் திரும்பிக் கிடக்கும். ரப்பர் கையுறையைக் கழற்றும்போது விரல் உள்ளே மாட்டிக்கும் இல்லையா? வாயை வச்சு ஊதினா அந்த விரல் 'டப்'புனு வெளியே வரும். அதே கதைதான். அந்த உறுப்பு தானா நீளாது. வயிற்றுச் சுவரில் உள்ள தசைகள் ஒரேயடியா இறுகும், உள்ளே இருக்கிற ரத்தத்தின் அழுத்தம் எகிறும், உறுப்பு உள்வெளியாகப் புரண்டு தெறிக்கும். திரும்ப உள்ளே போக வழி கிடையாது. வானத்துல ராணியைப் பிடித்த ஆணுக்கும் இதுதான் நடக்கும்: புரண்ட நொடியே உடம்பு மரத்து, பின்னால சாய்ந்து தொங்கி, பிய்ந்து விழுந்து சாகும். நீங்க நெஞ்சை அழுத்தி அதே விசையைத் தட்டிவிட்டுட்டீங்க. ராணிக்குச் செயற்கையா விந்து ஏற்றுபவர்களும் இப்படி அழுத்தித்தான் எடுக்கிறார்கள். அடுத்த தடவை நல்லா உத்துப் பாருங்க, வெள்ளைப் பசை மேல இளம் பழுப்பா ஒரு படலம் இருக்கும். அதுதான் விந்து. வெள்ளை வெறும் பசை.

ராணி வாலில் பார்த்தது கடைசியாகச் சேர்ந்த ஆண் விட்டுப்போன அந்தப் பசைதான். அது பூட்டு இல்லை. அடுத்த ஆண் அதை விலக்கிட்டுச் சேரும். ராணி இப்படிப் பல ஆண்களோட சேர்ந்து, விந்தை ஒரு சின்ன உருண்டைப் பையில் சேமித்து வைக்கும். முட்டையிட ஆரம்பித்த பிறகு ஆண் பக்கம் போகாது, ஆயுசு முழுக்க அந்தச் சேமிப்புதான். பையிலிருந்து விந்து விட்டால் பெண் ஈ, விடாமல் முட்டையிட்டால் ஆண் ஈ.

இனி பையன் கேள்வி. கொடுக்கு என்பது முட்டையிடும் குழாய் உருமாறி வந்தது. அதனால பெண்ணுக்கு மட்டும்தான் இருக்க முடியும். முள் வைத்த இரண்டு ஊசிகள் ஒரு தண்டின் மேல மாறி மாறி வழுக்கிக்கொண்டு இறங்கும். அத்திக்காய்க்கு வெளியே உட்கார்ந்து துளை போடும் குளவியும் அதே முறையில்தான் காயைக் குடைந்து முட்டையிடுது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2014-ல் அந்தக் குளவியின் ஊசியை ஆராய்ந்தபோது நுனியில் துத்தநாகம் இருந்தது. கெட்டியான காயைத் துளைக்கணும் இல்லையா, அதுக்குத்தான். தேனீயிடம் முட்டை இப்போ அந்த ஊசி வழியா வராது, அடிப்பக்கமா வெளியே வந்துரும். ஊசி விஷத்துக்கு மட்டும் மிச்சம்.

அருமனைப்பெட்டி:
டீச்சர், கையுறை உதாரணம் போதும், மனசுல பதிஞ்சுட்டு. ஒரு சந்தேகம். வேலி ஓரத்துல கொம்புத்தேன் கூடு தொங்குது. அதுக்க ஆண் நம்ம ராணி கூடச் சேராதா? ஆணை இழுக்கிற ராணி வாசனை ரெண்டுக்கும் ஒண்ணுதான்னு யாரோ சொன்னாங்க.

விலங்கியல்_டீச்சர்:
வாசனை முக்கால்வாசி ஒண்ணுதான், நேரம்தான் வேற. 1976-ல் கோனிகரும் விஜயகுணசேகராவும் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் கணக்கெடுத்தார்கள். கொம்புத்தேனீ ஆண்கள் மதியம் 12-லிருந்து 2:30 வரை, அடுக்குத் தேனீ ஆண்கள் 4:15-லிருந்து 5:15 வரை, மலைத்தேனீ ஆண்கள் 6 மணிக்கு மேல, இருட்டும் நேரத்தில். ஒரே வானம், மூணு ஷிஃப்ட்.

தப்பித்தவறிச் சந்தித்தாலும் உறுப்பு பொருந்தாது. கொம்புத்தேனீ ஆணுக்குப் பின்னங்காலில் கட்டைவிரல் மாதிரி ஒரு நீட்டல் உண்டு, ராணியைப் பற்றிக்கொள்ள. உறுப்பின் நுனியும் ஒல்லி, விந்தை நேரா ராணியின் சேமிப்புப் பைக் குழாய்க்கே கொண்டுபோகும். அதனால ஒரு ஆணிடம் கொஞ்சம் விந்து இருந்தாலே போதும். நம்ம தேனீ ஆண் முதல்ல கருக்குழாயில் கொட்டும், அங்கிருந்து ஒரு சின்னப் பங்குதான் பைக்குப் போய்ச் சேரும், மிச்சம் வீண்.

பழையகூடு:
நாலு மணிக் கணக்கு சரிதான். எனக்க பெட்டி வாசல்லயும் சாயங்காலச் சாயா போடுற நேரத்துலதான் ஆண் ஈ கும்மாளம் போடும். 40 வருஷமா பாக்குகேன், ஏன்னு யோசிச்சதே இல்ல.

அருமனைப்பெட்டி:
நேத்து வேலை குறைஞ்ச ஒரு பழைய ராணிய எடுத்துட்டு, டீச்சர் சொன்ன பையத் தேடிப் பாத்தேன். குண்டூசியால வயிற்றக் கீறினா, நுனிப் பக்கம் கேழ்வரகை விடச் சின்னதா ஒரு உருண்டை, மேல வெள்ளி வலை போத்துன மாதிரி. அக்கா மகன் லென்ஸ் வச்சுப் பாத்துட்டு அரை மணி நேரம் பேசல. இப்ப பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆண் ஈ வேணுமாம், டீச்சர் முன்னால 'டப்'புனு காட்டணுமாம். தரமாட்டேன்னு சொல்லிட்டேன். பிரிச்ச பெட்டி இன்னும் மூணு பாக்கி, எனக்கு ஆண் ஈ தேவைப்படுது.