'உயிர்ப்பித்தல் தடை' வேண்டாம்

அன்பின் டொக்டர் ஐயா,

இதயம் நின்றுபோனால் அதை மீண்டும் இயக்க முயல வேண்டாம் என்று முன்கூட்டியே எடுக்கும் மருத்துவத் தீர்மானத்துக்கு, தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன 'உயிர்ப்பித்தல் தடை' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. கொட்டாஞ்சேனையில் எண்பது வயதுத் தாயை வாட்டில் விட்டுவிட்டு நிற்கும் மகளிடம் அந்தப் பெயருள்ள படிவத்தை நீட்டினால், "உயிரைத் திருப்பித் தரலாம், ஆனால் தரமாட்டோம்" என்றுதான் அவவுக்கு விளங்கும்.

உண்மை அதுவல்ல. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றி 2009இல் வெளியான பெரிய ஆய்வில், ஆஸ்பத்திரிக்குள் இதயம் நின்று சிபிஆர் (நெஞ்சை அமுக்கி, மூச்சுக் கொடுத்து மீட்கும் முயற்சி) செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 18 சதவீதத்தினரே உயிரோடு வெளியேறினார்கள். வயது ஏற ஏற அதுவும் குறைந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நெஞ்சை அமுக்க வேண்டும். எலும்பு தேய்ந்த உடம்பில் விலா முறிவது சாதாரணம். ஆகவே 'முயற்சி' என்பது பெயருக்குள்ளேயே நிற்கட்டும். ஆங்கிலத்திலும் பழைய டிஎன்ஆர் ('உயிர்ப்பிக்க வேண்டாம்') இதற்காகத்தான் டிஎன்ஏஆர் ('உயிர்ப்பிக்க முயல வேண்டாம்') ஆனது.

இதற்கு 'நெஞ்சழுத்தத் தவிர்ப்பு' என்று பெயர் எழுதிய தம்பிக்கு: "அவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்" என்று ஏசுகிற வாயால் அதைச் சிகிச்சையின் பெயராகச் சொல்ல முடியாது. 'தவிர்ப்பு'க்குப் பதில் 'மறுப்பு' என்று வைத்தால் இன்னும் மோசம். "டொக்டர்மார் கைவிட்டிட்டினம்" என்று சனம் ஏற்கெனவே அழுகிறது. மருந்து, ஒட்சிசன், நோவுக்கான ஊசி எதுவும் இந்தத் தீர்மானத்தால் நிற்பதில்லை என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

என் முன்மொழிவு: 'இதயமீட்பு முயற்சி தவிர்ப்பு'.

---

அன்பின் சகோதரிக்கு,

'முயற்சி', 'தவிர்ப்பு' இரண்டும் சரி. 'இதயமீட்பு'தான் இடிக்கிறது. பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் பிறகு உடம்பைத் தேற்றும் பயிற்சியையும் அப்படிச் சொல்லிவிடுவார்கள். மாரடைப்பு வந்தாலே பார்க்கமாட்டார்கள் என்றும் வீட்டார் பயப்படுவார்கள். மாரடைப்பில் இதயம் துடித்துக்கொண்டே இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. இந்தத் தீர்மானம் பேசுவது துடிப்பு நின்றுபோன அந்த வேளையை மட்டும்.

---

ஐயா, அப்படியென்றால் அந்த வேளையையே பெயரில் வைப்போம்: 'இதயம் நின்றால் மீட்பு முயற்சி தவிர்ப்பு'. கலைச்சொல்லுக்கு நீளம்தான். ஆனால் வாட்டில் மிஸி வாசித்துக் காட்டினால் மகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மும்மொழிப் படிவத்திலும் ஒரே வரியில் அடங்கும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.