கோஆக்சியல் ஸ்பீக்கர்: விரலால் அழுத்திப் பார்த்தால் போதுமா?

கோபாலபுரம் டாக்ஸி:
காரின் பின் பலகையில் போட 6×9 இன்ச் கோஆக்சியல் ஸ்பீக்கர் (பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே சின்ன ஸ்பீக்கரும் இருப்பது) ஜோடி ஒன்று பழசாக விலைக்கு வந்திருக்கிறது. பொள்ளாச்சிக் கடைக்காரர் கோனை (முன்னால் அதிரும் கூம்பை) விரலால் அமுக்கிக் காட்டி, “காயில் எங்கேயும் உரசவில்லை, புதுசு மாதிரி” என்கிறார். காயில் என்றால் கோனுக்குப் பின்னே காந்தத்துக்குள் அசையும் கம்பிச் சுருளாம். நம்பி வாங்கலாமா?

மைக்செட் மாமா (கொழிஞ்சாம்பாறை):
அமுக்கிப் பார்ப்பதுதான் சோதனை தம்பி. இரண்டு கட்டைவிரலையும் எதிரெதிரே வைத்து ஒரே அளவாக அழுத்து. சரசரவென்று கேட்டால் வைத்துவிட்டு வா, கேட்காவிட்டால் வாங்கு. திருவிழாவுக்குப் போகிற பாக்ஸ் எல்லாமே இங்கே இப்படித்தான் பார்க்கிறோம். அப்புறம் காந்தத்தைத் தூக்கிப் பார். கனமாக இருந்தால் நல்ல சரக்கு.

சித்தூர் வயரிங்:
மாமா, சாதாரண வூபருக்கு (அடித்தொனி ஸ்பீக்கருக்கு) அது சரிங்க. கோஆக்சியலில் நடுவே ட்வீட்டரை (உச்சத்தொனிக்கான சின்ன ஸ்பீக்கரை) தாங்கும் தூண் நிற்கிறது, 6×9 முட்டை வடிவம் வேறு. கை கொஞ்சம் ஒருபக்கம் போனாலும் கோன் சாய்ந்து, நல்ல காயிலே உரசும். காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. லேசாகக் கோணிய காயில் மெதுவாக அழுத்தும்போது சத்தமே காட்டாமலும் போகும்.

போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் (ஒற்றைத் தொனி எழுப்புவது) போட்டு, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுத்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெல்ல ஏற்றுங்கள். பாட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் உரசல் இதில் கரகரவென்று வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, தூண் வைத்த பல மாடல்களில் கோனின் நடுவில் தூசி புகாமல் மூடும் டஸ்ட் கேப் இருக்காது. தூணைச் சுற்றியுள்ள வளையச் சந்து நேராகக் காயில் அசையும் காந்த இடைவெளிக்குத்தான் போகிறது. ஆடிக்காற்றுப் புழுதியாவது பரவாயில்லை. பக்கத்தில் கிரைண்டர் ஓடும் பட்டறையில் கிடந்த ஸ்பீக்கர் என்றால் இரும்புத்தூளைக் காந்தம் உள்ளே இழுத்து வைத்திருக்கும்.

மைக்செட் மாமா:
ஆப் போட்டுப் பார்க்கக் கடைக்காரன் ஆம்ப் கொடுக்க வேண்டாமா? நல்ல கம்பெனிக்காரன் இடைவெளியைத் தாராளமாகத்தான் விட்டிருப்பான், இந்தக் கவலையே வராது.

சித்தூர் வயரிங்:
தலைகீழாகச் சொல்கிறீர்கள். இடைவெளி கூடினால் காந்தப்புலம் குறையும், அதே வாட்ஸுக்குச் சத்தம் கம்மியாக வரும். காயிலின் சூடும் இரும்புக்குச் சரியாக இறங்காது. கோணலாக ஒட்டினாலும் கழிபடக் கூடாது என்று மலிவுச் சரக்கில்தான் அகலமாக விடுவார்கள். அப்படி இருந்தால் எத்தனை கனமான காந்தம் வைத்து என்ன பிரயோஜனம்?

வாளையார் ரீகோன்:
இரண்டு பேருமே காரில் மாட்டுகிற வேலையை விட்டுவிட்டீர்கள். தகரத்தில் அடித்த பேஸ்கெட் (ஸ்பீக்கரைத் தாங்கும் சட்டம்), பலகை மேடுபள்ளம், ஒரு திருகை மட்டும் முழுசாக இறுக்கினால் பேஸ்கெட் முறுக்கிக்கொள்ளும். கடையில் சுத்தமாகப் பாடியது காரில் உரசும். எதிரெதிர்த் திருகாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மறுபடி அதே டோனை ஓட்டிப் பாருங்கள். மல்ட்டிமீட்டர் இதற்கு உதவாது. 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரைக்குப் பக்கம் காட்டினால் கம்பி அறவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ட்வீட்டர் தூணையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். அது லூசாகி அதிர்ந்தாலும் காயில் போச்சு என்றுதான் இங்கே கொண்டுவருகிறார்கள். நிஜமாகவே உரசினால் வாங்காதீர்கள். வூபர் என்றால் டஸ்ட் கேப்பை அறுத்து, ஷிம் (மெல்லிய தாள் துண்டு) செருகிக் காயிலை நடுவில் நிறுத்தலாம். கோஆக்சியலில் முதலில் ட்வீட்டரைக் கழற்ற வேண்டும். மலிவு மாடலில் பசை போட்டிருப்பதால் உடைந்துதான் வரும்.

மைக்செட் மாமா:
சரி, டோனும் போடட்டும், விரலும் வைக்கட்டும். காந்தக் கனம் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

கோபாலபுரம் டாக்ஸி:
கடைக்காரர் ஆம்ப் தருகிறாராம். ஜோடிக்கு 1,800 கேட்கிறார். தூண் ஆடினால் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

வாளையார் ரீகோன்:
திருகு போட்ட தூண் என்றால் 300 குறையுங்கள். பசை போட்டது என்றால் பேரமே வேண்டாம், வண்டியை எடுங்கள்.