தினமும் நான்கு கிலோமீட்டர் ஓட்டம், மாதம் ஒரு நெடும்பயணம்: பெட்ரோலா, ஹைபிரிட்டா, மின்சாரமா?

கேள்வி: தாமரை

வணக்கம். என்னிடம் இருப்பது எட்டு ஆண்டுப் பழைய சிறிய பெட்ரோல் கார். வாரம் மூன்று முறை அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வதுதான் அதன் முக்கிய வேலை. மருத்துவமனை வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தூரம். மற்ற நாட்களில் அலுவலகம், கடை என்று ஏறக்குறைய அதே தூரம்தான். மாதம் ஒருமுறை அக்கா வீட்டுக்கு நெடுஞ்சாலையில் 260 கிலோமீட்டர் போவோம்.

சில மாதங்களாகக் கார் படுத்துகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகுகிறது. பேட்டரியைப் புதிதாக மாற்றியும் மீண்டும் அதே நிலை. எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் வெண்ணெய் பூசியது போல வெளுத்த படிவம். நெடும்பயணத்தில் ஒழுங்காக இருக்கும் எரிபொருள் செலவு, ஊருக்குள் ஓட்டும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பார்த்த மெக்கானிக், "எஞ்சின் போய்விட்டது, வண்டியை மாற்றுங்கள்" என்றார்.

மாற்றத் தயார். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஊருக்குள் ஓட்ட பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்தான் சிறந்தது என்கிறார் ஒருவர். மின்சாரக் காரை நம்பி நெடுந்தூரம் போகாதே என்கிறார் இன்னொருவர். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: சிகிச்சை நாளன்று வண்டி கிளம்ப வேண்டும். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்கென்று நிறுத்துமிடம் உண்டு. அங்கே சுவரில் சாதாரணப் பிளக் பாயிண்ட் ஒன்றும் இருக்கிறது.

பதில்: பட்டறை

சகோதரி, வண்டியை விற்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, அதைக் குளிர்விக்கும் கூலண்ட் தொட்டியில் திரவ மட்டத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்து, எஞ்சின் சூடான பிறகும் புகைபோக்கியில் வெண்புகை விடாமல் வந்தால் எஞ்சினின் மேற்பகுதியைக் கசியாமல் மூடும் ஹெட் கேஸ்கெட் கெட்டிருக்கலாம். மட்டம் அப்படியே இருந்தால் உங்கள் எஞ்சின் போகவில்லை. அந்த வெள்ளைப் படிவம் வெறும் நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்ததுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். நான்கு கிலோமீட்டரில் எஞ்சின் சூடேறாது. கூலண்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டால் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆயில் அந்தச் சூட்டை எட்ட இன்னும் நெடுநேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்குகிறது. மேலும், குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும். எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. ஊருக்குள் செலவு இரட்டிப்பாவதற்கும் இதுவே பெரிய காரணம்.

பேட்டரியின் கதையும் இதேதான். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தைச் சிறு ஓட்டத்தில், எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரால் முழுவதும் திருப்பி நிரப்ப முடியாது, அதிலும் முகப்பு விளக்கும் ஹீட்டர் விசிறியும் ஓடிக்கொண்டிருந்தால். ஆகவே புதுப் பேட்டரியும் மெல்ல வடிந்துபோகும். அணைத்த பிறகும் ஏதேனும் மின்சாரத்தை இழுக்கிறதா என்று ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயிலைக் கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்குச் சொல்லியிருக்கும் இடைவெளியில் மாற்றுங்கள். இன்னும் சில காலம் இந்த வண்டியே ஓடும்.

பதில்: நெடுந்தூரம்

நான் ஹைபிரிட் வாடகைக் கார் ஓட்டுகிறேன். டொயோட்டாவின் ஹைபிரிட் காரான முதல் பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அவ்வளவு காலம் தேறி வந்த தொழில்நுட்பம் இது. அந்த வகை வண்டிகளில் தனி ஸ்டார்ட்டர் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது. எஞ்சினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு கோள்வகைப் பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருக்கும் சாலையில் இதற்கு இணையே இல்லை. சார்ஜ் போடும் கவலையும் இல்லை. சகோதரி, தயங்காமல் ஹைபிரிட் வாங்குங்கள்.

பதில்: பட்டறை

அண்ணா, உங்கள் ஓட்டத்துக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. காலையில் ஒருமுறை சூடான எஞ்சின் இரவுவரை ஆறுவதில்லை. தாமரையின் வண்டியோ ஒவ்வொரு முறையும் குளிர்ந்த நிலையில்தான் கிளம்புகிறது. டயாலிசிஸ் முடிய நான்கு மணி நேரம் ஆகும். திரும்பும்போது எஞ்சின் மறுபடியும் ஆறிப்போயிருக்கும்.

ஹைபிரிட்டில் பேட்டரி நிறைந்திருந்தாலும், கிளம்பிய சற்று நேரத்தில் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்ய 250 முதல் 300 டிகிரி வெப்பம் வேண்டும், அதற்காகத்தான். அது சூடேறி, எஞ்சின் அணைந்து, மின்மோட்டாரின் பலன் முழுதாகக் கிடைக்கத் தொடங்கும் வேளையில் மருத்துவமனை வாசல் வந்துவிடும். பெட்ரோல் காரைவிடச் செலவு குறையும், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜை இந்த ஓட்டத்தில் எதிர்பார்க்கக் கூடாது. ஊருக்குள் ஓட்ட ஹைபிரிட் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது ஊருக்குள் நெடுநேரம் ஓட்டுபவருக்குப் பொருந்தும்.

ஹைபிரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட் பெரும்பாலும் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் அளவுதான். மின்சாரத்தில் மட்டும் வண்டியை ஓட்டாது. டீசலைப் பற்றி யாரேனும் சொன்னால் கேட்கவே வேண்டாம். புகைக்கரி வடிகட்டி இந்தச் சிறு ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும்.

பதில்: மின்வழி

நிறுத்துமிடமும் பிளக் பாயிண்ட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிக் கேள்விக்கு அதுவே விடை.

நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் நூறு கிலோமீட்டருக்கு 15 முதல் 18 யூனிட் எடுக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றலே ஏறக்குறைய 9 யூனிட். அதாவது இரண்டு லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றலில் மின்சாரக் கார் நூறு கிலோமீட்டர் போகிறது. உங்களுடைய ஒருநாள் ஓட்டம் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. குளிர் நாளில் ஹீட்டரையும் சேர்த்து, நிரப்பும்போது வீணாவதையும் சேர்த்து மூன்று யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரணப் பிளக் பாயிண்ட்டில் சுமார் 2 கிலோவாட் கிடைக்கும். ஒன்றரை மணி நேரத்தில் அன்றைய செலவு நிரம்பிவிடும். பெரிய சார்ஜர் இல்லையே என்று பலர் பின்வாங்குகிறார்கள். உங்களைப் போல ஓட்டுபவருக்கு அது தேவையே இல்லை.

குளிர்ந்த மோட்டாருக்குக் கூடுதல் எரிபொருள் இல்லை, ஆயில் கெடுவதில்லை, ஈரம் தங்குவதில்லை. சிகிச்சை முடிந்து வரும் அப்பாவுக்குக் குளிர் எடுக்குமா? அவர் வெளியே வருவதற்கு முன்பே கைப்பேசியிலிருந்து உட்புறத்தைச் சூடாக்கி வைக்கும் வசதி பெரும்பாலான மின்சாரக் கார்களில் உண்டு. பெட்ரோல் கார் ஹீட்டர் எஞ்சின் சூட்டை நம்பியிருப்பது. நான்கு கிலோமீட்டரில் அது கதகதப்பைக் கொடுப்பதற்குள் வீடு வந்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது. வயதானவுடன் காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் தட்டுகளில் துரு ஏறும். அவ்வப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்து ஓட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

தாமரை

இவ்வளவு பொறுமையாக விளக்கிய எல்லோருக்கும் நன்றி. கூலண்ட் மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டேன். மின்வழி அண்ணா, அந்த 260 கிலோமீட்டர்தான் என்னைத் தடுக்கிறது. அப்பாவை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்க முடியாது. பிளக்கில் செருகி சார்ஜ் போடலாம், பெட்ரோலிலும் ஓடும் என்கிற பிளக்-இன் ஹைபிரிட் சரியாக வருமா?

பதில்: மின்வழி

நெடுஞ்சாலையில் காற்றின் தடை வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறும். ஆகவே விற்பவர் சொல்லும் தூரத்தில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள்; கடுங்குளிரில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். 50 யூனிட் பேட்டரி உள்ள கார் உங்கள் பயணத்தில் ஒருமுறை நிரப்பக் கேட்கும் என்றே திட்டமிடுங்கள். அதிவேக சார்ஜரில் பல கார்கள் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடும். அதற்கு மேல் நிரப்பும் வேகம் குறைந்துகொண்டே போகும், காத்திருப்பதில் பயனில்லை. எப்படியும் அப்பாவுக்கு நடுவில் ஓர் இளைப்பாறல் வேண்டும் அல்லவா? அந்த இடத்தை சார்ஜர் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். 20 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே அங்கே போய்ச் சேரும்படி பாருங்கள், அது பழுதானால் அடுத்ததற்குப் போக வழியிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய மாலையே வீட்டில் செருகிவிடுங்கள். அந்த 50 யூனிட் பேட்டரி பாதியிலிருந்து முழுமைக்கு வர 2 கிலோவாட்டில் 13 மணி நேரமோ சற்று அதிகமோ ஆகும்.

பிளக்-இன் ஹைபிரிட் உங்களுக்குப் பொருந்தக்கூடியதுதான், தினமும் செருகினால். செருகாமல் ஓட்டினால் கனமான பேட்டரியைச் சுமக்கும் பெட்ரோல் கார் அது. ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், சாலையில் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட்களின் கார்பன் டை ஆக்சைடு வெளியீடு சோதனைக்கூட அளவைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று கண்டிருக்கிறார்கள்.

பதில்: பட்டறை

இன்னொன்றையும் சேர்க்கிறேன். பிளக்-இன் ஹைபிரிட்டில் நீங்கள் பராமரிக்க வேண்டியவை இரண்டு: எஞ்சினும் உண்டு, பெரிய பேட்டரியும் உண்டு. சில வண்டிகளில் குளிர் நாளில் ஹீட்டரைப் போட்டாலே எஞ்சின் ஓடும். அப்படியானால் அந்த நான்கு கிலோமீட்டர் சிக்கல் திரும்ப வந்துவிடும். வாங்குவதானால் இதைக் கட்டாயம் கேளுங்கள். சோதனை ஓட்டத்துக்கு எந்த வண்டியைக் கொண்டுவந்தாலும் இரவு முழுதும் நிறுத்தி வைத்த வண்டியைக் கேட்டு, ஹீட்டரைப் போட்டு, வீட்டிலிருந்து மருத்துவமனைக்கே ஓட்டிப் பாருங்கள்.

பதில்: நெடுந்தூரம்

குளிர்ந்த எஞ்சின் பற்றிப் பட்டறை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் பிளக் பாயிண்ட் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு மின்சாரக் கார் வாங்கிவிடக் கூடாது. அவர்களுக்கு ஹைபிரிட்தான். வாங்குபவர்கள் பின் இருக்கை அருகே பேட்டரிக்குக் காற்று போகும் துளையை மறைத்துப் பைகளை வைக்காதீர்கள். அங்குள்ள வடிகட்டியில் தூசி அடைத்தால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும்.

தாமரை

கூலண்ட் மட்டம் இறங்கவில்லை! வார இறுதியில் நீண்ட ஓட்டம் ஓட்டி ஆயிலையும் மாற்றினேன். மூடியில் படிவம் இல்லை. ஆகவே அவசரமில்லாமல் தேடலாம் என்ற நிம்மதி வந்திருக்கிறது. பட்டறை ஐயா, அதற்கு உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

பயன்படுத்திய மின்சாரக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனும் வந்து பிளக் பாயிண்ட்டைப் பார்த்தார். படிக்கட்டு விளக்குகளோடு ஒரே இணைப்பில் இருக்கிறதாம், எர்த்தும் சரியில்லையாம்.

பதில்: மின்வழி

அப்படியே பயன்படுத்தாதீர்கள். பல மணி நேரம் தொடர்ந்து இழுக்கும் சுமை அது. மீட்டரிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் பாதுகாப்பு, சரியான எர்த் நான்கும் வேண்டும். நீட்டிப்பு வயர் கூடவே கூடாது. முதல் வாரம் செருகி அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, சார்ஜ் கேபிளில் ஆம்பியரைக் குறைத்து வையுங்கள்.

பழைய வண்டி என்பதால் பேட்டரியின் ஆரோக்கிய அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பேட்டரியின் கொள்ளளவில் 70 சதவீதத்துக்கு உத்தரவாதம் தருகின்றன. அது உங்கள் பெயருக்கு மாறுமா என்றும் கேளுங்கள். பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் அவ்வப்போது முழுதாக நிரப்பலாம். என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த) வகை என்றால் அன்றாடம் 80 சதவீதத்தில் நிறுத்தி, அக்கா வீட்டுக்குக் கிளம்பும் முன் மட்டும் முழுதாக நிரப்புங்கள்.